நாற்காலி கிடைத்தது, காலம் கிடைக்கவில்லை

இரண்டு தேர்தல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 234 இடங்கள். வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். ஆனால் வென்று அவைக்குள் போன பெண்கள் 12 பேர். அடுத்த பத்து மாதத்தில், 2022 பிப்ரவரியில், நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வந்தது. 21 மாநகராட்சிகளில் 11-ல் பெண்கள் மேயரானார்கள். சென்னையில் 28 வயது ஆர். பிரியா அந்த நாற்காலியில் அமர்ந்தார். சென்னையின் பெண் மேயர்களில் 1957-ல் தாரா செரியன், 1971-ல் காமாட்சி ஜெயராமன், அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கழித்து இவர். சென்னைக்கு முதல் தலித் பெண் மேயரும் இவரே. இந்த இரண்டு தேர்தல்களுக்கும் இடையே வாக்காளர்கள் மாறிவிடவில்லை, கட்சிகளும் அதே கட்சிகள்தான். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் சொன்னது, சட்டமன்றத்துக்கு அப்படி எதுவும் நடைமுறையில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். பெண்கள் அரசியலுக்கு வர முன்வருவதில்லை, வந்தாலும் மக்கள் ஓட்டுப் போடுவதில்லை என்ற பழைய பேச்சுக்கு இந்தப் பத்து மாதமே பதில்.

அதே 21 மாநகராட்சிகளின் கணக்கில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த மேயர் பதவிகள் சரியாக 11. மீதி 10 பதவிகளுக்கு ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். அந்தப் பத்தில் ஒரு பெண்கூட மேயராகவில்லை. ஒதுக்கீடு எங்கே முடிகிறதோ அங்கேயே பெண்களும் நிறுத்தப்படுகிறார்கள். ஒதுக்கீடு தேவையா என்ற கேள்வி என்னளவில் முடிந்துபோன கேள்வி. ஒதுக்கீட்டால் பதவிக்கு வந்த பெண் வேலையைக் கற்று, அதிகாரத்தைக் கையில் எடுத்து, மறுபடியும் நின்று ஜெயிக்கும் அளவுக்கு அவளுக்குக் காலம் கொடுக்கிறோமா என்பதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி. கொடுக்கவில்லை என்பதையும், அதைக் கொடுக்காமல் மீதியெல்லாம் கொடுத்துப் பயனில்லை என்பதையும்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்த ஒதுக்கீடு எளிதில் வந்ததல்ல. அரசியல் நிர்ணய சபையிலேயே இதைப் பற்றிப் பேச்சு வந்தது. 1947-ல் ரேணுகா ராய் என்ற உறுப்பினர் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டாம் என்று சபையில் வாதாடினார். சுதந்திர இந்தியாவில் திறமைக்குத் தடை இருக்காது என்ற நம்பிக்கை அன்று அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கு இருந்தது. மெய்யான நம்பிக்கைதான், நாடு அதைக் காப்பாற்றவில்லை. 1974-ல் இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்த குழு தன் அறிக்கையைக் கொடுத்தபோது, அதன் உறுப்பினர்களான வீணா மஜும்தாரும் லோதிகா சர்க்காரும் சட்டமன்றங்களில் ஒதுக்கீடு வேண்டும் என்று தனிக்குறிப்பே எழுதி வைத்தார்கள். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டில் பெண்களுக்கு நேர்ந்ததைக் கண்கூடாகப் பார்த்த பிறகு எழுந்த குரல் அது. கர்நாடகம் 1983-ல் சட்டம் செய்து உள்ளாட்சியில் 25 சதவீதம் கொடுத்துப் பார்த்தது. பிறகு 73-வது, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் பெண்களுக்கு. தலைவர் பதவிகளிலும் அப்படியே. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் இடங்களுக்குள்ளும் அவர்களது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் இதன்படி முதல் தேர்தல் 1996-ல் நடந்தது. 2016-ல் மூன்றில் ஒரு பங்கு பாதியாக உயர்ந்தது. இன்று இந்தியா முழுவதும் கிராமப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர். உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பெண்கள் மக்கள் ஓட்டில் பதவிக்கு வந்ததில்லை.

வந்தவர்கள் என்ன செய்தார்கள்? இதற்கு ஊகத்தை நம்ப வேண்டியதில்லை. எந்த ஊராட்சி பெண்களுக்குப் போக வேண்டும் என்பதை ஊரின் மனப்பான்மை தீர்மானிப்பதில்லை, சுழற்சிப் பட்டியல் தீர்மானிக்கிறது. அதனால் ஒதுக்கப்பட்ட ஊரையும் ஒதுக்கப்படாத ஊரையும் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் துஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் அப்படித்தான் ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். பெண்கள் தலைவரான ஊர்களில், அந்தந்த ஊர்ப் பெண்கள் எதைக் கேட்டு மனுக் கொடுத்தார்களோ அதற்குப் பணம் கூடுதலாகப் போனது. இரண்டு மாநிலத்திலும் முதலில் வந்தது குடிதண்ணீர். குடத்தோடு நடப்பவள் யார் என்று யோசித்தால் இதில் வியப்பில்லை. இன்னொரு ஆய்வு, பெண்கள் உள்ளாட்சிக்கு வந்த பிறகு பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு 46 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டது. கேட்டதும் திடுக்கிட வைக்கும் எண். ஆனால் அந்த ஆய்வாளர்களின் முடிவு, குற்றம் பெருகவில்லை, புகார் கொடுக்கும் துணிச்சல் பெருகியது, காவல் நிலையம் காது கொடுக்க ஆரம்பித்தது என்பதே.

இதுவரை சொன்னது ஒதுக்கீட்டுக்குச் சாதகமானது. பாதகமானதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம் தமிழ்நாட்டு ஊராட்சிகளிலேயே கண்டது. கிரண் கஜ்வானியும் சியாபோ ஜாங்கும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர், சுகாதாரம் போன்ற வேலைகளில் ஆண் தலைவருக்கும் பெண் தலைவருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் பள்ளிக் கட்டடம், சாலை ஆகியவற்றில் பெண் தலைவர்கள் இருந்த ஊர்கள் பின்தங்கின. காரணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குடிநீர்க் குழாயும் மோட்டாரும் ஊராட்சி தானே கவனித்துக்கொள்ளும் வேலைகள். சாலையும் பள்ளியும் வர வேண்டுமானால் ஒன்றிய அலுவலகத்துக்கும், கலெக்டர் அலுவலகத்துக்கும், எம்.எல்.ஏ. வீட்டுக்கும் பலமுறை நடக்க வேண்டும். யாரை எப்போது பார்த்தால் கோப்பு நகரும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பழக்கமும் தொடர்பும் ஆண்களுக்கு டீக்கடையிலும் கட்சி மன்றத்திலும் வருடக்கணக்காகச் சேர்கின்றன. முதல் தடவை ஜெயித்த பெண்ணுக்கு அவை கையில் இல்லை. அவளுக்கு அறிவு குறைவு என்று இதிலிருந்து யாராவது முடிவுகட்டினால் அது அவசரம். ஊராட்சி மன்றக் கட்டடத்துக்குள் அவள் சமமாகவே வேலை செய்கிறாள். வெளியே, மேலே, அவளுக்குக் கதவு திறக்க நாளாகிறது.

நாளானால் திறக்கிறதா? திறக்கிறது. ஆந்திரத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கை அறிக்கைகளை வைத்து ஃபர்சானா அஃப்ரிதியும் அவரது சக ஆய்வாளர்களும் பார்த்தபோது, பெண் தலைவர்களின் ஊராட்சிகளில் தொடக்கத்தில் முறைகேடுகள் அதிகமாக இருந்தன. புதியவர்களை அலுவலர்களும் மற்றவர்களும் ஏய்த்தார்கள். பதவிக்காலம் நகர நகர அந்த வித்தியாசம் மறைந்துபோனது, பெண்கள் ஆண்களுக்கு ஈடாகிவிட்டார்கள். மக்களின் மனமும் இப்படித்தான் மெல்ல மாறுகிறது. மேற்கு வங்கத்தில் ஒரே மேடைப் பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஊர்மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரைப் பார்த்தே இராத ஊர்களில் அதே பேச்சு பெண் குரலில் வந்தபோது ஆண்கள் அதைக் குறைத்து மதிப்பிட்டார்கள். பெண் தலைவரின் ஆட்சியைப் பார்த்துவிட்ட ஊர்களில் அந்தக் குறைத்து மதிப்பிடல் தணிந்திருந்தது. அதைவிட முக்கியம், இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து ஒதுக்கீடு இருந்த ஊர்களில், ஒதுக்கீடு போன பிறகும் பெண்கள் கூடுதலாக நின்றார்கள், கூடுதலாக ஜெயித்தார்கள். அந்த ஊர்களில் தங்கள் மகளைப் பற்றிப் பெற்றோர் காணும் கனவுகூட விரிந்திருந்ததாக 2012-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஒரே ஒரு தவணை போதவில்லை. இரண்டாவது தவணை வந்தபோதுதான் விளைச்சல் தெரிந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும். மறுப்பு என்று சொல்வதைவிட, தெருவில் தினமும் கேட்கும் பேச்சு என்றே சொல்லலாம். ‘பெயருக்குத் தலைவர் அந்தம்மா, உண்மையில் தலைவராக இருப்பது அவர் வீட்டுக்காரர்.’ இதை நான் மறுக்க மாட்டேன். பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. வடக்கே ‘சர்பஞ்ச் பதி’, அதாவது தலைவரின் கணவர், என்று இதற்குப் பெயரே இருக்கிறது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023-ல் இதை ஆராய ஒரு குழு போட வேண்டியிருந்தது என்றால் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியும். ஆனால் இது எப்படித் தொடங்குகிறது? கூட்டத்துக்கு வரும்படி ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. போன் கணவர் கையில். அவர் போகிறார். அலுவலகம் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறது. ஒப்பந்தக்காரர் அவரிடம் பேசுகிறார், ஊராட்சிச் செயலர் கோப்பை அவரிடம் நீட்டுகிறார், அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருகிறார். தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரிடம் அரசாங்கம் அரசாங்க வேலையைப் பேசாமல் இருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். பினாமி ஆட்சிக்குத் தண்டனை வேண்டும் என்கிறார்கள். தண்டனையைப் பதவியிலிருக்கும் பெண்மீது வைத்தால், கணவர் செய்ததற்கு அவள் பதவி இழப்பாள், அடுத்த தேர்தலில் இன்னொருவர் மனைவி நிற்பாள், வேறொன்றும் நடக்காது. தலைவர் இல்லாமல் தலைவரின் கணவரை வைத்துக் கூட்டம் நடத்துகிற அலுவலரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அதுதான் பொருத்தமான இடம்.

அந்தப் பெண்ணின் கோணத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்தில் முதல் வருடம் கணவரை நம்பி நடந்தவள், மூன்றாம் வருடம் தானே அலுவலகம் போகிறாள், ஐந்தாம் வருடம் வரவு செலவைத் தானே கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன ஆந்திர ஆய்வு காட்டும் போக்கு அதுதான். அவள் தேறி நிற்கும் அந்த நாளில் பதவிக்காலம் முடிகிறது, தேர்தலுக்குத் தேர்தல் ஒதுக்கீடு மாறும் இடங்களில் பதவி ‘பொது’ என்று மாறுகிறது. ‘இப்போது இது பெண்கள் சீட் இல்லையே’ என்று ஊர் சொல்கிறது. பொது என்றால் ஆணுக்கு என்று பொருள் கொள்ளும் பழக்கத்தை எந்தச் சட்டமும் எழுதவில்லை. மும்பையில் ரிக்கில் பவ்னானி ஆராய்ந்தபோது, 1997-ல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு 2002-ல் பொதுவாக மாறிய வார்டுகளில் ஒரு பெண் ஜெயிக்கும் வாய்ப்பு, ஒதுக்கீடே பார்க்காத வார்டுகளைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. ஆக, வழி இருக்கிறது. கட்சிகள் சீட் கொடுத்தால், ஊர் நிற்க விட்டால், பெண்கள் தொடர்கிறார்கள். ஒதுக்கீடு தேர்தலுக்குத் தேர்தல் இடம் மாறாமல் இரண்டு பதவிக்காலம் ஒரே இடத்தில் நிற்பதே நல்லது. தமிழ்நாடு அந்த வழியில் போனது சரியான முடிவு. யாராவது அதை ஒரு தவணையாகக் குறைக்க நினைத்தால் எதிர்க்க வேண்டும்.

தலித் பெண்களுக்கு இந்தக் காலப் பிரச்சினை இன்னும் கடுமையானது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. அதே வருடம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற முடியாமல் போய், பின்னர் மாவட்ட ஆட்சியர் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். இவை செய்தியானவை. செய்தியாகாத ஒன்று கையெழுத்தில் நடக்கிறது. நம் ஊராட்சிகளில் பணம் எடுக்கத் தலைவரின் கையெழுத்தோடு துணைத்தலைவரின் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. வார்டு உறுப்பினர்களில் செல்வாக்குள்ள சாதியின் ஆண் ஒருவர் துணைத்தலைவராகிவிட்டால், அவர் பேனாவை எடுக்காதவரை தெருவிளக்குக்கு பல்பு வாங்கக்கூடப் பணம் வராது. கூட்டுக் கையெழுத்து முறைகேட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடுதான், அதை நீக்கச் சொல்லவில்லை. ஆனால் காரணம் எழுதிக் கொடுக்காமல் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் கையெழுத்தை நிறுத்தி வைத்தால், அந்த அதிகாரம் ஒன்றிய அலுவலருக்குத் தானாகவே போகும்படி விதி செய்ய முடியும். ஆறு மாதம் கையெழுத்துக்காகக் காத்திருக்கிற பெண்ணுக்கு ஐந்து வருடப் பதவி நாலரை வருடம்தான்.

இத்தனைக்கும் மேலாக, காலத்தை மொத்தமாகப் பறிக்கும் ஒன்று இருக்கிறது: தேர்தலே நடத்தாமல் இருப்பது. அரசியல் சட்டம் ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2006-ல் இதை வலியுறுத்திச் சொன்னது. தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், அறிவிப்பு வந்த பிறகு, பழங்குடியினர் ஒதுக்கீடு முறையாக இல்லை என்ற வழக்கில் நின்றது. 27 மாவட்டங்களின் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. மற்ற 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. ஆக, ஒதுக்கீட்டை 50 சதவீதமாகச் சட்டம் உயர்த்திய அதே வருடத்தில் பதவிகளே இல்லாமல் போயின. இல்லாத நாற்காலிகளில் பாதி யாருக்கு என்ன பயன்? பிறகு 27 மாவட்டங்களில் பதவிக்கு வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடக்கவில்லை. ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின.

தேர்தல் தள்ளிப்போனால் ஆண்களுக்கும் நஷ்டம்தானே என்று கேட்கலாம். நஷ்டம்தான், ஆனால் சமமான நஷ்டம் அல்ல. பதவி இல்லாத ஆணுக்குக் கட்சிப் பொறுப்பு இருக்கிறது, ஒப்பந்த வேலை இருக்கிறது, கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. மூன்று வருடம் கழித்துத் தேர்தல் வந்தாலும் அவர் தொடர்பு அறுந்திருக்காது. பெண்ணுக்கு ஒன்றிய அலுவலகத்துக்குள் போக இருந்த ஒரே காரணம் அந்தப் பதவி. பதவி போன மறுநாள் அவள் வீட்டுக்குத் திரும்புகிறாள். ஐந்து வருடம் கற்றது மூன்று வருடம் சும்மா இருப்பதில் கரைகிறது. மறுபடி தேர்தல் வரும்போது வேறொரு பெண் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறாள். முதல் தடவை வருகிறவர்களையே திரும்பத் திரும்பப் பதவிக்குக் கொண்டுவந்துவிட்டு, இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வது அநியாயம்.

ஆண்களின் வாய்ப்பு பறிபோகிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யாருக்கும் ஒரு பதவி பிறப்புரிமை இல்லை. மக்கள்தொகையில் பாதியான பெண்களுக்குப் பாதி இடம் போன பிறகும் மீதிப் பாதியில் ஆண்கள் நிற்கிறார்கள். அந்த மீதிப் பாதியில் பெண்களும் நிற்கலாம் என்பதைத்தான் நாம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. வசதியான குடும்பத்துப் பெண்களே வருகிறார்கள் என்ற குறை ஓரளவு உண்மை. ஆனால் அந்தக் குறை ஆண் வேட்பாளர்களுக்கும் பொருந்தும், அவர்களிடம் நாம் அதைக் கேட்பதில்லை. கடல் கடந்தும் இதே பாடம்தான். இலங்கையில் 2016-ல் சட்டத்தைத் திருத்தி உள்ளூராட்சி மன்றங்களில் 25 சதவீதம் பெண்களுக்கு என்று வைத்தார்கள். அதுவரை இரண்டு சதவீதத்தைத் தொடாதிருந்த பெண்களின் பங்கு, 2018 தேர்தலில் இருபதைத் தாண்டியது. அந்த மன்றங்களின் காலம் முடிந்தபோது அங்கேயும் தேர்தல் வருடக்கணக்கில் தள்ளிப்போய் 2025 மே மாதம்தான் நடந்தது. முதல் முறையாக உள்ளே வந்த அந்தப் பெண்கள், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருந்த தமிழ்ப் பெண்கள் உட்பட, இடையில் பதவியற்று இருந்தார்கள்.

சட்டமன்றத்திலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023-ல் 106-வது திருத்தம் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதி நிறைவேற்றினார்கள். அது வரும் நாளில் அந்த இடங்களுக்குத் தேர்ந்த பெண்கள் எங்கிருந்து வருவார்கள்? ஊராட்சிகளில் இரண்டு முறை தலைவராக இருந்து, நிதியறிக்கை படிக்கவும் அலுவலரிடம் கேள்வி கேட்கவும் பழகிய பெண்களிலிருந்துதான் வர வேண்டும். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் அந்த வரிசையிலிருந்து ஆட்களைக் குறைக்கிறது.

ஆகவே நேயர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், உள்ளாட்சித் தேர்தலை உரிய நாளில் நடத்துவீர்களா என்று கேளுங்கள். பொது வார்டில் எத்தனை பெண்களுக்குச் சீட் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் பெண் தலைவர் இருந்தால், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் தண்ணீர் வரவில்லை என்றாலும் அவர் வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள், அவரிடமே சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடுகிறது. போய் உட்காருங்கள். வரவு செலவைத் தலைவர் தம் வாயால் வாசிக்க வேண்டும் என்று எழுந்து நின்று கேளுங்கள்.